இடப்பக்கக் கதவு

காரின் இடப்பக்கக் கதவு போனது ஒரு பட்டப்பகலில், சங்கானைச் சந்தைக்குச் சற்று அப்பால். பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிரேக்கை மிதித்து, ஏறியிருந்த இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, நானும் அவர்களுக்குப் பின்னால் அதே கதவால் பாய்ந்து மதகுக்குள் படுத்துக்கொண்டேன். கதவைச் சாத்த வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? குண்டு வேறெங்கோ விழுந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு மரநிழல் தேடி ஓடிவந்த டிராக்டர் ஒன்று றோட்டை விட்டு இறங்கி, என் காருக்கும் வேலிக்கும் இடையால் புகுந்து, விரியத் திறந்து கிடந்த கதவைப் பிடுங்கிச் சக்கரத்துக்குள் போட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டது. வெளியே வந்து பார்த்தபோது புழுதியில் ஒரு நசுங்கிய தகரம் கிடந்தது. கண்ணாடி தூளாகப் போயிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அது மேல்மூடியைப் பின்னால் மடித்துவிடக்கூடிய மைனர் என்ற பழைய வகைக் கார். ஊரில் ஹூட் கார் என்போம். என் மாமனார் அதைக் கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டவர். அவர் இறந்த பின் அது மனைவியோடு என்னிடம் வந்தது. நான் வடகரையில் ஒரு தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு இராணுவம், எங்கள் வாயில் ஆமி, முன்னேறி அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து எழும்பியபோது தொழிற்சாலை நின்றது. என் உத்தியோகமும் நின்றது. பெற்றோல் வராத காலம். எல்லோரையும் போல நானும் ஒரு சொட்டுப் பெற்றோலில் இஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடப் பழகினேன். கலியாண ஊர்வலங்கள் இல்லை. ஆனால் நோயாளிகள் இருந்தார்கள். கால் முறிந்தவரை மடக்காமல் ஏற்ற வேண்டுமானால் ஹூட்டை மடித்துவிட்டுப் பின்சீற்றிலிருந்து நீட்டிப் படுக்க வைக்கலாம். அதனால் சண்டிலிப்பாய், பண்டத்தரிப்புப் பக்கத்தில் என் காரைத் தேடி வருவார்கள்.

கதவு போனபின் கயிறு கட்டி ஒரு பலகையை வைத்து ஓடினேன். ஒருநாள் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி முன்சீற்றில் இருக்க, வளைவில் கயிறு தளர்ந்து அவள் வெளியே சரியப் பார்த்தாள். பின்னால் இருந்த தாய் அவளுடைய தலைமயிரைப் பிடித்துத்தான் நிறுத்தினாள். அந்தத் தாய் இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, கதவில்லாமல் இனி ஓடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கதவு தேடுவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. மைனர் கார் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தெருவுக்குத் தெரு இருந்தது. ஆனால் நாலு கதவுக் காரின் முன்கதவு என் காருக்கு ஒரு சாண் கட்டை. இரண்டு கதவுக் காரின் கதவு நீளத்துக்குச் சரிவரும்; ஆனால் அதில் கண்ணாடியைச் சுற்றி மேலே ஒரு சட்டம் நிற்கும். ஹூட் காரில் அந்தச் சட்டம் கிடையாது. சட்டத்தை வாளால் அறுத்துப் பார்த்தோம். கண்ணாடி பிடிப்பில்லாமல் ஆடி, மூன்றாம் நாளே உள்ளே விழுந்துவிட்டது.

எனக்கு டிங்கர் வேலை செய்பவர், சுன்னாகத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் பட்டறை வைத்திருந்தார். அறுத்த கதவைக் கழற்றி நிலத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, ஹூட் காருக்கு ஹூட் காரின்ரை கதவுதான். வேறை வழி இல்லை. அது இந்தக் குடாநாட்டிலை மொத்தமா அஞ்சுதான் நிண்டது. உங்கடை ஒண்டு. மானிப்பாயிலை டொக்டரின்ரை ஒண்டு, அவர் தாறமாட்டார். பருத்தித்துறையிலை நிண்டது ரெண்டும் எரிஞ்சு போச்சு. மற்றது மயிலிட்டியிலை நிண்டது."

"மயிலிட்டியிலையோ?"

"ஓம். அது அங்கைதான் நிக்கும். சனம் கையோடை மெய்யோடை வந்தது, காரைக் கொண்டு வந்திருக்காதுகள்."

மயிலிட்டி வடகரையில் ஒரு மீன்பிடி ஊர்; அப்போது ஆமியின் எல்லைக்குள் இருந்தது. அங்கிருந்த சனம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் கிடந்தது. நான் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அதே டிங்கர் சைக்கிளில் வந்தார். நெல்லியடியில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் ஹூட் மைனரின் இடப்பக்கக் கதவு ஒன்று வந்திருக்கிறதாம். எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் பெடலைக் காலால் பின்னுக்குச் சுற்றிக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

அடுத்த நாளே போனேன். சந்தைக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில். கடைக்காரர் கதவை வெளியே கொண்டுவந்து ஒரு சாக்கின் மேல் சாய்த்து வைத்தார். சட்டம் இல்லாத கதவு. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. கதவைத் தாங்கும் பிணைச்சல்கள் இரண்டும் துருவில்லாமல் இருந்தன. நிறம் நீலம், தெளித்த நிறமல்ல, தூரிகையால் பூசியது, வள்ளங்களுக்குப் பூசுவார்களே, அந்தத் தடித்த நீலம். உட்பக்கத்து றெக்சின் கிழிந்து நைலோன் நூலால் தைக்கப்பட்டிருந்தது.

கேட்ட காசைக் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை. கார் ஹூட்டை மடித்துக் கதவைப் பின்சீற்றில் கிடத்தி, மேலே சாக்கை மூடிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் சாக்கைத் தரவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன்.

வீட்டில் மனைவி கதவைச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து தையலைத் தொட்டாள்.

"இஞ்சாருங்கோ, இது வலைக் கிழிசல் பொத்துற முடிச்செல்லோ?"

"ஆரும் தைச்சிருப்பினம்."

"ஆரும் எண்டால் ஆர்?"

"நெல்லியடியிலை வாங்கினது. நெல்லியடிக் கதவு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்று பின்னேரமே நான் ஒரு பிளேட்டை எடுத்து அந்த நூலை ஒவ்வொரு முடிச்சாக அறுத்து எடுத்தேன். றெக்சினை உரித்து எறிந்துவிட்டுப் பழைய மேசைவிரிப்பு ஒன்றை வெட்டி ஒட்டினேன். இரண்டு நாள் அரத்தாளால் தேய்த்து நீலத்தைப் போக்கிவிட்டு, காரின் நிறமான கறுப்பைப் பூசினேன். நீலம் இலகுவில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அடியில் இன்னொரு நீலம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பூசியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. உட்பக்கத்துக் கைபிடி வலப்பக்கக் கதவுக்கு உரியது. யாரோ அதைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். எல்லாக் காரிலும் கீழே அமத்தினால் திறக்கும். இதில் மேலே தூக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும், இறங்கும் இடம் வந்ததும், "மேலை தூக்குங்கோ, மேலை" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் கைபிடியோடு மல்லுக்கட்டினார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது பண்டத்தரிப்பிலிருந்து ஆள் வந்தது. இடம்பெயர்ந்து தோட்டக்காணி ஒன்றில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பம், அம்மாவுக்குச் சலரோகம் என்னும் நீரிழிவு, காலில் புண் வைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர் ஒருவர், கறுத்த, அகன்ற தோள், கழுத்தில் செபமாலை. மனைவியைத் தன் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து பின்சீற்றில் கிடத்தினார். பிறகு முன்னால் வந்து ஏறிக் கதவைச் சாத்தினார். வழிநெடுக, தன் மனைவி முனகும்போதெல்லாம் திரும்பி, "இந்தா வந்திட்டம், இந்தா வந்திட்டம்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் கைபிடியைப் பிடித்து மேலே தூக்கினார். கதவு திறந்தது. அவர் ஒரு காலை வெளியே வைத்தார். அப்படியே நின்றார். திரும்பித் தன் கையைப் பார்த்தார். கை இன்னும் அந்தப் பிடியில் இருந்தது.



அவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் திரும்பிவரக் கார் வேண்டும் என்று முதலே கேட்டிருந்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அவர் தனியே வந்தார். மனைவியை வாட்டில் சேர்த்து மறித்துவிட்டார்களாம். காரில் ஏறவில்லை. கதவைத் திறந்து, பிணைச்சலுக்குள் விரலை விட்டுத் தடவினார். தூரிகை போகாத அந்த மூலையில் நீலம் ஒரு நகமளவு மிஞ்சியிருந்தது, எனக்கும் தெரியும்.

"தம்பி, உந்தக் கதவு ஆரிட்டை வாங்கினனீர்?"

"ஏன் ஐயா?"

"இது என்ரை காரின்ரை கதவு. அந்தப் பிடியைப் பூட்டினது நான். மற்றப் பக்கத்துப் பிடிதான் அப்ப கிடைச்சது."

நான் அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஆனால் அவர் குரலைத் தாழ்த்தி, கிட்ட வந்து, கெஞ்சுவதுபோலக் கேட்டார்:

"கதவைக் கழட்டினவன் உள்ளுக்கை போயிருப்பானெல்லே? கார் வீட்டோடை ஒட்டி இறக்கின ஓலை மாலுக்குள்ளைதான் நிண்டது. அப்ப வீட்டையும் பாத்திருப்பான். வீடு கிடக்கோ எண்டு கேக்க வேணும். ஒண்டரை வருஷமா ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. அந்த ஆளைக் காட்டும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

திருடன் என்று அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் இருந்திருக்கும்.  நெல்லியடிக்குப் போனால் அந்தக் கடைக்காரர், நான் பேரம் பேசாமல் வாங்கியதையும், சாக்குக் கேட்டதையும் சொல்லிவிடுவார் என்ற ஒரு சின்னப் பயம்தான் அந்த நேரம் எனக்குள் இருந்தது. இப்போது நினைத்தால் அது எவ்வளவு அற்பமான பயம்.

"வித்த ஆள் கொழும்புக்குப் போட்டார் ஐயா. இப்ப இல்லை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அதன்பின் பண்டத்தரிப்பு வரை கதவில் கையை வைத்தபடியே இருந்தார்.

எட்டு நாள் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள், கால் தப்பிவிட்டது, ஆனால் மாதம் ஒருதரம் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார். பிறகு வாங்குப் பலகையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டார்:

"அந்த ஆள் கொழும்பாலை வந்திட்டாரோ?"

என் மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "ஆர் கொழும்புக்குப் போனது?" என்று என்னைக் கேட்டாள்.

 அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்: கார், மால், கைபிடி, வீடு. அவள் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நெல்லியடியிலைதான் ஐயா வாங்கினவர். கடைக்காரர் அங்கைதான் இருக்கிறார். இவர் உங்களை இண்டைக்கே கூட்டிக்கொண்டு போவார்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வெற்றிலை எச்சிலைத் துப்பப் போவதுபோல முகத்தை ஒருமுறை திருப்பிவிட்டு, எழுந்து காருக்குப் போனார். அவருடைய சைக்கிளை எங்கள் வேலியில் சாய்த்துவிட்டுப் புறப்பட்டோம்.

நெல்லியடி வழியிலுள்ள வல்லை வெளியில் மறைவதற்கு ஒரு மரமில்லை. கெலிகொப்டர் வந்தால் காரை விட்டு ஓடவும் இடமில்லை. அந்த வெளியைக் கடக்கும்போது மனிதர்கள் ஏதாவது பேசுவார்கள், பயத்துக்கு. அவர் காரைப் பற்றிப் பேசினார். ஒரு நல்ல சீசனில் வாங்கினதாம். கோயில் திருவிழாவுக்கு ஹூட்டை மடித்துவிட்டு மாதாவின் சுரூபத்தைப் பின்சீற்றில் நிறுத்தி ஊர் சுற்றிக் கொண்டுவருவார்களாம். தன் மகன் கலியாணம் முடித்து வந்ததும் அதில்தானாம். மகன் இப்போது இந்தியாவில், ஒரு முகாமில்.

"வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிற நீலத்தை வருஷா வருஷம் காருக்கும் பூசுவன். வீட்டு யன்னலுக்கும் அதுதான். மனுசி பேசுவாள், எல்லாம் ஒரே நிறம் எண்டு."

கடைக்காரர் எங்களைக் கண்டதும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன மனிதராகத் தெரிந்தார். பெரியவர் தான் யார் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, நான் போய்க் கழட்டேல்லை. கொண்டு வந்து தாறாங்கள், வாங்கிறன். ஆர், எவர் எண்டு நான் கேக்கிறேல்லை."

"நான் அதைக் கேக்க வரேல்லைத் தம்பி. வீடு கிடக்கோ எண்டு மட்டும் சொல்லும். கடற்கரை றோட்டிலை, கோயிலுக்கு வடக்குப் பக்கம், கிணத்தடியிலை ஒரு முருங்கை..."

"எனக்கு உண்மையாத் தெரியாது ஐயா."

"கொண்டு வந்த ஆளையாவது சொல்லும்."

"அந்தப் பொடியன் அடுத்த முறை போகேக்கை மிதிவெடியிலை அம்பிட்டிட்டான். ஆள் இப்ப இல்லை."

 பெரியவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கொட்டிலுக்குள் பார்வையைத் திருப்பினேன். உள்ளே கூரை தாங்கும் தீராந்திகள் அடுக்கியிருந்தன. ஓடுகள், தண்ணீர்ப் பம்பு ஒன்று, கதவு நிலைகள். வலது பக்கச் சுவரோடு யன்னல் பலகைகள் ஏழெட்டு ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் நீலம்.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும். இரண்டு நாள் அதைத் தேய்த்தவன் நான்.

அவரைத் திரும்பிப் பார்க்கவிடாமல் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று, "வாங்கோ ஐயா, போவம்," என்று தோளைத் தொட்டேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார். நடந்து போய், முதலாவது பலகையை விலக்கி, இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார். வலைக்கு மிதப்பு எண்ணுகிறவர்போல ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு தீராந்திகளின் பக்கம் போனார். ஒன்றின் அடிப்பக்கத்தைத் தடவி, அங்கே அடித்திருந்த ஒரு பெரிய கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகனுக்கு ஏணைத் தொட்டில் கட்டினது இதிலை," என்றார்.

கடைக்காரர் வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்து, "ஐயா, வேணுமெண்டால் யன்னலைக் கொண்டுபோங்கோ. எனக்கு ஒண்டும் வேண்டாம்," என்றார். 

"கொட்டிலுக்கு யன்னல் எதுக்குத் தம்பி?" என்று பெரியவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

திரும்பி வரும்போது நான், "கதவைக் கழட்டித் தாறன் ஐயா," என்றேன். கயிறும் பலகையுமாக ஓடலாம், பரவாயில்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் அந்தத் தலைகீழ்ப் பிடியைப் பார்த்தார். "கதவை மட்டும் கொண்டுபோய் எங்கை கொழுவுறது?" என்றார். 

பண்டத்தரிப்பு கிட்டியதும் காரை நிற்பாட்டச் சொன்னார்.

"தம்பி, நீர் ஒரு உதவி செய்ய வேணும். நான் அந்த ஆளைத் தேடித் திரியிறது மனுசிக்குத் தெரியும். எங்கடை ஆக்கள் ஆரோ சொல்லிப்போட்டினம். வீடு கிடக்காம் எண்டு சொல்லும். நான் சொன்னால் நம்பமாட்டாள், என்ரை முகம் காட்டிக் குடுத்திடும். நீர் சொன்னால் நம்புவாள்."

நான் எவ்வளவு நன்றாகப் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மனதில் வைத்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

கொட்டிலுக்குள் அந்த அம்மா காலை ஒரு தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு பாயில் இருந்தார். நான் குனிந்து உள்ளே போனதும், "தம்பி, போய்வந்த ஆளைக் கண்டனீங்களோ? வீடு கிடக்கோ?" என்றார்.

"ஓம் அம்மா, கிடக்கு."

"கூரை?"

"கூரை கிடக்காம்."

"கிணத்தடி முருங்கை நிக்குதோ?"

"நிக்குதாம். காய்ச்சுச் சரிஞ்சு கிடக்காம்."

அந்த அம்மா சிரித்தார். பற்களில் இரண்டு இல்லை. சிரித்துக்கொண்டே புருஷனைப் பார்த்து, "நான் சொன்னனான்தானே," என்றார். அவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அதன்பின் மாதம் ஒருதரம் நான் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காசு வாங்கவில்லை. முதலில் அவர் திணித்தார், பிறகு விட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா பின்சீற்றில் சாய்ந்திருந்து கேட்பார்: அந்த ஆள் திரும்பவும் போனவரோ? நானும் போனவர் என்பேன். கோழிக்கூடு இருக்கிறது, குசினிக்குப் பின்னால் வாழை குட்டி போட்டிருக்கிறது, மாமரத்தில் அணில் திரிகிறது. நான் கண்ணால் காணாத ஒரு வீட்டை அந்தச் சீற்றுக்கு முன்னால் மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்தேன். சில நாட்களில் அந்த வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே காருக்கு எண்ணெய் அளந்திருக்கிறேன். ஒருமுறை கிணறு கிழக்குப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். பெரியவர் முன்சீற்றில் இருந்து, வெளியே பார்த்தபடி, "மேற்குப் பக்கம்," என்று திருத்தினார்.

என் மனைவிக்கு இது தெரியும். "அவை பாவங்கள், விடுங்கோ," என்று ஒருநாள் சொன்னாள். எதை விடச் சொன்னாள், பொய் சொல்வதையா, அதை நினைத்து வருந்துவதையா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் இன்சுலின் தட்டுப்பாடு வந்தது. கப்பல் வந்தால் மருந்து வரும், வராவிட்டால் இல்லை. டொக்டர்மார் கையை விரித்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? காலில் மறுபடியும் புண் வைத்தது. ஒரு மாதம் என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. நானும் வேறு ஓட்டங்களில் இருந்தேன். அந்த அம்மா செத்து அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

போனேன். கொட்டில் வாசலில் மணல் பரவியிருந்தது. அவர் ஒரு பழைய வலைத்துண்டைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக வழியில்லாத காலத்தில் எதற்காகப் பொத்தினாரோ தெரியாது. எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"மகன் மூண்டு தரம் ஆள் அனுப்பினவன். வள்ளத்திலை வாங்கோ, இஞ்சை மருந்து இருக்கு எண்டு. அவள் வரமாட்டன் எண்டிட்டாள்."

"ஏன் ஐயா?"

கேட்டபின்தான் எனக்கு விளங்கியது.

"வீடு கிடக்கு, நாளைக்கு ஆமி விட்டால் போயிடலாம், ஏன் அகதியாப் போவான் எண்டு கேட்டாள். முருங்கைக்காயைக் களவெடுப்பாங்கள் எண்டு கவலைப்பட்டவள். கடைசிக் கிழமையும் அதைத்தான் கதைச்சவள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வலைக்குள் ஊசி போய்வந்துகொண்டிருந்தது.

"நான் உம்மைக் குறை சொல்லேல்லை, தம்பி. வீடு கிடக்கெண்டு சொல்லச் சொன்னது நான்தான். இல்லையெண்டால் அண்டைக்கே உடைஞ்சு போயிருப்பாள்." ஊசியை நிறுத்தினார். "ஆனால் அந்த முருங்கை காய்ச்சுக் கிடக்கெண்டு ஏன் சொன்னனீர்? அதை நான் சொல்லச் சொல்லேல்லையே."

 பின்னாட்களில் பல பதில்கள் வந்தன. அந்த அம்மா சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கதவை வாங்கின கையால் ஏதோ கொடுத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மாதம் ஒருமுறை அந்த முகத்தில் வெளிச்சம் வருவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, நூலை அறுத்த அந்தப் பின்னேரம் கொஞ்சம் தூரமாகப் போனதுபோல இருந்தது. இவை எல்லாம் எனக்காகச் செய்தவை. அன்று நான் சொன்னது, "தெரியாமல் சொல்லிப்போட்டன் ஐயா," என்று மட்டும்தான்.

"சரி," என்றார்.

நான் எழுந்தபோது அவரும் எழுந்து காரடி வரை வந்தார். வழமைபோலத்தான் நின்றார், கை கொடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் மறுபக்கத்தால் ஏறி இஞ்சினைக் கிளப்பினேன். மண்ணெண்ணெய்ப் புகை எங்கள் இருவருக்கும் நடுவில் எழும்பியது.

அடுத்த வருஷம் அவர் வள்ளத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டார் என்று அந்தத் தோட்டக்காணிக்காரர் சொன்னார். போய்ச் சேர்ந்தாரா என்று அவருக்குத் தெரியவில்லை. பங்குத்தந்தை ஒருவரிடம் மகனின் முகாம் விலாசம் இருக்கிறது, எழுதிக் கேட்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பங்குத்தந்தையின் கோயில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால்மணித்தியாலம். தொண்ணூற்றைந்தில் ஆமி வர நாங்களும் எழும்பி ஓடும்வரை, அந்த வழியால் எத்தனையோ தரம் போய்வந்திருக்கிறேன். ஒருநாளும் நான் இறங்கிக் கேட்கவில்லை.